கங்கையம்மன் காட்டித் தந்த என் முதுகு நோய்

வேட்டியைக் கட்டிக்கொள்ளக்கூட நிமிர முடியாதவன் கடலில் போய் என்ன செய்வான்? முப்பது வயதில் எனக்கு அந்தக் கதி வந்தது. நான் பழவேற்காடு லைட்ஹவுஸ் குப்பத்துக்காரன். என் மனைவி தேவியின் அண்ணன் ஏழுமலை மச்சானுடைய ஃபைபர் போட்டில் வலை இழுக்கிறவன்.

விடியலில் மச்சான் வந்து கூப்பிடும்போது முதுகும் இடுப்பும் பலகை மாதிரி இறுகிக் கிடக்கும். சுவரைப் பிடித்து, ஜன்னலைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுவேன். ஆனால் கடலுக்குள் போய்க் கொஞ்ச நேரம் வலை இழுத்தால் உடம்பு இளகிவிடும். மத்தியானம் மற்றவர்களைப் போலவே வேலை செய்வேன். அதுவே எனக்கு வினையாகப் போனது.

“இன்னா மாப்ள, காலைல செத்தவன் மாதிரி கெடக்குற, மீன கண்டா மட்டும் எழுந்துக்குற?” என்று மச்சான் கேட்பார். போட்டே சிரிக்கும். நானும் சிரிப்பேன். உள்ளே எரியும்.

என்னைப் பெற்ற நைனா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: “வலை இழுத்து இழுத்து இடுப்பு புட்டுக்கிச்சுடா. கம்முனு படு.” படுத்தேன். வலி கூடியது. எண்ணெய் போட்டு நீவினோம், ஊசி போட்டோம், ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் மச்சான் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “ஆடி முடியட்டும் மாப்ள. அப்பவும் இப்டியே இருந்தா ஒன் எடத்துக்கு வேற ஆளத்தான் போட்டாவணும்.” கடலை விட்டால் எனக்கு வேறு தொழில் தெரியாது. அன்றைக்கு அழுதுவிட்டேன்.

எங்கள் கங்கையம்மன் சன்னதிக்குப் போனேன். விழுந்து கும்பிட உடம்பு இடம் கொடுக்கவில்லை, நின்றபடியே கும்பிட்டேன். “தாயே, ஒண்ணு இந்த வலிய எடு, இல்ல என்ன எடு” என்று கதறினேன். ஆடித் திருவிழாவில் கரகம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு காப்புக் கட்டினேன். எங்கள் ஊரில் கரகம் எடுக்கிறவன் திருவிழா முடியும்வரை கடலில் இறங்கக்கூடாது, கோயிலிலேயே தங்கவேண்டும். முதுகுக்கும் ஓய்வாச்சு என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நானும் பாயே கதி என்று கிடந்தேன். திருவிழாக் காலையில் என்னை ஆள் பிடித்துத் தூக்கித்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

பம்பை முழங்கியது. கரகத்தைத் தலையில் வைத்தார்கள். முதல் தெருவில் உயிர் போனது. அடுத்த தெருவில் இடுப்பு லேசாக இளகியது. கடற்கரைக்கு வந்தபோது நான் ஆடிக்கொண்டிருந்தேன்! அம்மா வந்துவிட்டாள், வலியை எடுத்துவிட்டாள் என்று பெண்கள் குலவையிட்டார்கள். நைனா தேம்பினார். நானும் அப்படியே நம்பினேன்.

மறுநாள் காலையில் திரும்பவும் எழுந்திருக்க முடியவில்லை.

காப்பில் ஏதோ குறை வைத்துவிட்டான், அம்மாவுக்குக் கோபம் என்று ஊரே பேசியது. நான் உடைந்துபோனேன். அப்போது தேவி பேசிய பேச்சை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

“கோவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அம்மா உனுக்குக் காட்டிக்கினு இருக்கா, நீதான் பாக்கல. படுத்தா இறுகுது, ஆடுனா இளகுது. போட்லயும் அப்டித்தானே? இழுத்து வந்த வலின்னா இழுக்கறப்போ எப்டிய்யா கொறையும்? இது வேற இன்னாவோ. கெளம்பு, பெரியாஸ்பத்திரிக்குப் போலாம்.”

எத்தனை பேர் தொட்டுப் பார்த்த முதுகு இது! அவள் ஒருத்திக்குத்தான் அது தோன்றியது. சென்னை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடமும் இதையே சொன்னாள். அவர் உடனே, “கண்ணு செவந்து வலிச்சிருக்கா?” என்று கேட்டார். வலித்திருக்கிறது, உப்புக்காற்று என்று விட்டிருந்தேன். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்று பேர் சொன்னார்கள். உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே முதுகெலும்பு மூட்டுகளைத் தாக்கி அழற்சி உண்டாக்குகிறதாம், சிலருக்குக் கண்ணையும் தாக்குமாம். கவனிக்காமல் விட்டால் எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கூன்கூட விழலாமாம்.

“முழுசா போகாதுப்பா. ஆனா கட்டுக்குள்ள வெச்சுக்கலாம். மாத்திரைய விடாத, பயிற்சிய விடாத, சும்மா படுத்தே கெடக்காத” என்றார் டாக்டரம்மா. படுக்காதே என்று ஒரு டாக்டர் சொல்லி அன்றுதான் கேட்டேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ஊருக்கு வந்ததும் தேவி நேராக அவள் அண்ணன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டார். “தெரியாம பேசிட்டேன் மாப்ள. ஒன் எடம் ஒனக்குத்தான்” என்றார்.

இப்போது சீக்கிரமே எழுந்து, வெந்நீர் ஊற்றிக்கொண்டு, பயிற்சி செய்து, கரையில் நடந்துவிட்டுப் போய் மச்சான் வீட்டுக் கதவைத் தட்டுகிறேன். “சாமி, தூங்கவுடு சாமி!” என்று உள்ளேயிருந்து கத்துகிறார். வலி முற்றுகிற நாட்களும் உண்டு. அன்றைக்கும் பயப்படுவதில்லை.

வலியை எடு என்று கேட்டேன். அது என்ன வலி என்று அம்மா எனக்குக் காட்டினாள். காட்டியதைப் பார்க்கிற கண்ணை என் பெண்டாட்டிக்குக் கொடுத்திருந்தாள். படுத்தால் கூடி நடந்தால் குறைகிற வலி உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால் அம்மனிடம் சொல்லுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள். கேட்டது கிடைக்காத மறுநாள் காலையில் மட்டும் அம்மனை விட்டுவிடாதீர்கள். எனக்கு அவள் பதில் சொன்னது அந்தக் காலையில்தான்.