ஹா ஜியாங் மலையில் ஒரு பொய் விரதம்

ஒக்கூர் சேவுகப்பெருமாளின் மனைவி நாகவல்லி வியட்நாமுக்குப் போனது மகள் தேவிகாவின் ஏற்பாட்டில் என்று உறவுக்குள் பேசிக்கொள்கிறார்கள். அது சரியன்று. விசாவுக்கு விண்ணப்பித்ததும் மதுரையில் முதுகுப்பை வாங்கியதும் நாகவல்லியே. நாற்பத்தெட்டு வயதில், துணைக்கு ஒருவருமின்றி, அந்நாட்டின் வடக்கு எல்லையிலுள்ள ஹா ஜியாங் மலைகளைப் பார்க்கப் புறப்பட்டார். தேவிகாவுக்குச் செய்தி தெரிந்ததே விமான நிலையத்திலிருந்து தாய் பேசியபோதுதான்.

"நாலு நாள் தாங்க மாட்டா. அடுத்த வீட்டுத் தம்ளர்ல தண்ணி குடிக்காதவ, அங்குட்டுப் போயி என்னத்தத் திம்பா?" என்று புறப்பட்ட அன்று சேவுகப்பெருமாள் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். மாதம் முடியாமல் திரும்புவதில்லை என்று நாகவல்லி அந்தக் கணத்தில் முடிவெடுத்தார்.

கணவர் சொன்னதில் பொய்யில்லை. அரசு ஆய்வகமொன்றில் நுட்பநராக வேலை பார்க்கும் நாகவல்லி, சளியையும் சிறுநீரையும் முகம் சுளிக்காமல் கையாளுபவர். அவை கண்ணாடித் தகட்டில் இருப்பவை. சோற்றில் படும் எச்சில் வேறு. அதை அவர் நினைத்துப் பார்க்கவும் மாட்டார்.

முதல் விடுதியிலேயே சோதனை தொடங்கியது. கட்டில் கம்பிகளில் பிறருடைய ஈரக் காலுறைகள் நாறின. குளியலறை வடிகாலில் யாருடையதோ முடி கற்றையாகச் சுருண்டு கிடந்தது. இளைஞர்கள் ஒரே புட்டியை வாய்க்கு வாய் மாற்றிக் குடித்துவிட்டு அவரிடமும் நீட்டினார்கள். ஒருவன் தான் கடித்த பீச் பழத்தைச் சிரித்துக்கொண்டே கொடுத்தான். நாகவல்லி தம் புட்டியை அண்ணாந்து பிடித்து, உதடு படாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டதை அவர்கள் படமெடுத்தார்கள்.

லான் என்பவரைச் சந்தித்திராவிட்டால் அவர் மறுநாளே திரும்பியிருப்பார். லான், ஹுவே நகரில் தையற்கடை வைத்திருக்கும் பெண், ஒத்த வயது, அவரும் தனியாக வந்தவர். பேருந்தில் சன்னலோர இருக்கையை விட்டுக்கொடுத்ததில் தொடங்கிய பழக்கம். பாதி ஆங்கிலமும் பாதி கைபேசி மொழிபெயர்ப்புமாகப் பேசிக்கொண்டு இருவரும் சேர்ந்தே நடந்தார்கள். படிப்படியாக இறங்கும் வயல்களும், அடியில் பச்சை நூலாக ஓடும் ஆறும் நாகவல்லியை நின்று பார்க்க வைத்தன. வழியும் மொழியும் லானுக்குத்தான் தெரியும். அவர் பிரிந்தால் பயணம் அத்தோடு சரி.

டோங் வான் என்ற ஊர்ப் பக்கம் ஒரு மலைக்குடிலில் தங்கினார்கள். அடுப்பைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தபோது, வீட்டுக்காரம்மா தாம் சாப்பிடும் குச்சிகளை வாயிலிட்டுச் சப்பி, அதே குச்சிகளால் கோழியின் நல்ல துண்டொன்றை எடுத்து நாகவல்லியின் கிண்ணத்தில் வைத்தார். துண்டின்மேல் ஈரம் பளபளத்தது.

"எனக்கு விரதம்," என்றார் நாகவல்லி.

நம் பக்கத்தில், கை நனைக்க விருப்பமில்லாத வீட்டில் இதைச் சொன்னால் போதும். ஒரு வாழைப்பழத்தைக் கையில் கொடுத்து மரியாதையாக விட்டுவிடுவார்கள். அந்த மலையில் அப்படி நடக்கவில்லை. எந்தச் சாமிக்கு என்று லான் கேட்டார். காளிக்கு என்றார் நாகவல்லி. லான் தம் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "தோழி பட்டினி கிடக்கையில் நான் எப்படிச் சாப்பிடுவது? நானும் இருக்கிறேன்." வீட்டுக்காரம்மா பானையை மூடிவிட்டார்.

மறுநாள் முழுவதும் லான் வெறும் வயிற்றோடு கணவாய் ஏறினார். நாகவல்லிக்கு இப்போது உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை, பசியும் பொறுக்கவில்லை. சாயங்காலம் அதே குடிலுக்குத் திரும்பியதும், பன்றிக் கொட்டிலுக்குப் பின்னாலிருந்த கழிப்பறையில் தாழிட்டுக்கொண்டு, காரைக்குடித் தேன்குழல் பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு கையால் மூக்கைப் பொத்தி, மறு கையால் தின்றார். ஈக்கள் உதட்டில் உட்கார்ந்தன. ஓட்டினாலும் மறுபடி வந்தன.

"நாகா, உள்ளே என்ன நொறுங்குகிறது?" லானின் குரல் கதவுக்கு வெளியே கேட்டது.

இதன் பிறகு நடந்த பேச்சு, நாகவல்லி வீட்டில் சொன்னபடியே தரப்படுகிறது.

"விரதமெல்லாம் இல்ல லான். அந்தம்மா வாயில வச்ச குச்சியால எடுத்துப் போட்டாக. கொமட்டிருச்சு."

"நான் நேத்துலருந்து பட்டினி. நீ கக்கூசுக்குள்ள ஒக்காந்து திங்கிற. இதுல எது அசிங்கம்? நீ ஆரு எச்சியையும் தின்னதே இல்லையா?"

"இல்ல." பிறகு, மறைக்க மனமில்லாமல், "எங்க வீட்டுக்காரரு தட்டுல மட்டுந்தேன். அவரு தின்ன தட்டக் கழுவாம, அதுலயே அடுத்து நான் போட்டுத் திம்பேன். கல்யாணத்தன்னிக்கு எலையில ஆரம்பிச்சது. எங்க பக்கத்து வழக்கம்."

"அவரு ஒந் தட்டுல திம்பாரா?"

"சீ!" என்றார் நாகவல்லி.

 லானின் முகம் சுருங்கியது. கணவர் மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை, உறிஞ்சிய நண்டு ஓடு, குழம்பு காய்ந்த விரல் தடம். இவற்றுக்கு நடுவே கரண்டிச் சோற்றைப் போட்டுக்கொண்ட வேளைகள் நாகவல்லிக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. தேன்குழல் முழுவதும் வெளியே வந்தது. லான் தம் மூக்கைப் பிடித்துக்கொண்டே அவர் முதுகைத் தடவினார்.

அன்றைய சாப்பாட்டில் லான் விஷயத்தைச் சொல்ல, வீட்டுக்காரம்மா சிரித்து, குச்சிகளைத் திருப்பி, வாய் படாத முனையால் கறியை எடுத்து வைத்தார். அருவருப்பு போய்விட்டதென்று சொல்வதற்கில்லை. நாகவல்லி கண்ணை மூடி விழுங்கினார்.

"நீ மட்டுமா?" என்றார் லான். "அஞ்சு வெரலையும் சோத்துல விட்டுப் பெசையிறியே, எனக்கும் கொமட்டுது. அதான் தெனமும் மொகத்தத் திருப்பிக்கிட்டுத் திங்கிறேன்."

"முன்னயே சொல்லலாம்ல?"

"நீ சொன்னியா?"

மாதம் முடியும் வரை இருவரும் சேர்ந்தே சுற்றினார்கள்.

ஊர் திரும்பிய அன்று சேவுகப்பெருமாள் அயிரை மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டு எழுந்து, வழக்கப்படி தட்டை மனைவி பக்கம் நகர்த்தினார்.

"கழுவிட்டு வாங்க," என்றார் நாகவல்லி. "எனக்கு வேற தட்டு எடுத்துக்கிறேன்."

"ஏண்டி, நாடு சுத்துனதும் புருசன் எச்சி அசிங்கமாயிருச்சோ?"

"எப்பவும் அசிங்கந்தேன். நீங்க கேக்கவும் இல்ல, நான் சொல்லவும் இல்ல."

சேவுகப்பெருமாள் தட்டைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போனார். கழுவினாரா, குழாயடியில் போட்டுவிட்டு வந்தாரா என்பதில் தாய் சொல்வதும், அன்று வீட்டிலிருந்த மகள் தேவிகா சொல்வதும் ஒத்துப்போகவில்லை.