பைக்குள் ஒளித்த இன்ஹேலர்

ஏழாவது படிக்கும் என் மகளுக்கு வீசிங் உண்டு. "பொட்டப்புள்ளைக்கு இப்படின்னு நம்ம கடத்தூர்ல தெரிஞ்சா, நாளைக்கு யாரு கட்டுவாங்க?" என்று என் நாத்தனார் பயமுறுத்தியதால் பள்ளியில் சொல்லவில்லை. இன்ஹேலரைப் புத்தகப் பையின் அடியில் ஒளித்து அனுப்பினேன்.

போன மாதம் விளையாட்டு வகுப்பில் ஓடும்போது மூச்சுத் திணறி மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பையோ மாடி வகுப்பறையில் இருந்தது. விஷயம் தெரிந்த தோழி ஓடிப்போய் எடுத்து வந்ததால் பிழைத்தாள்.

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க" என்றார் பி.டி. டீச்சர். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கல்யாணத்துக்குப் பயந்து அவள் மூச்சோடு விளையாடியிருக்கிறேன்!

மறுநாளே டாக்டர் சீட்டையும் இன்னொரு இன்ஹேலரையும் டீச்சரிடம் கொடுத்தேன். மகளுடையது இப்போது அவள் பாக்கெட்டிலேயே இருக்கிறது.

"ஓட்டத்தையாவது நிறுத்து" என்கிறார் நாத்தனார்.

"பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட நானே சொல்லிக்கறேங்க அண்ணி. எம்பொண்ணு ஓடுவா."