என்ஜின் போட்ட வெந்நீர்

எண்பதுகளின் தொடக்கத்தில், கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். பெரும்பாலும் பிரசவ கேஸ்கள்தான். கரண்ட் அடிக்கடி போகும். அப்போது பின்பக்கக் கொட்டகையில் டீசல் என்ஜினை ஓட்டி விளக்கு எரிப்போம். வெந்நீருக்கு விறகடுப்பு. கார்த்திகை மழையில் விறகு ஊறிவிட்டால் புகைதான் வரும்.

அப்படி ஒரு மழைநாளில் செருப்பு அறுந்துபோய், கொட்டகைப் பக்கம் வெறுங்காலோடு ஓடினேன். சாக்கடையில் கால் பட்டதும் சுரீர் என்றது. என்ஜினின் சூட்டைத் தணித்துவிட்டு வெளியே ஓடும் தண்ணீர்! இங்கே வெந்நீர் வீணாகப் போக, உள்ளே நாங்கள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தோம்.

டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

"எண்ணெ கலந்த தண்ணிம்மா அது. கொழந்த மேல ஊத்தலாமா?" என்றார். நியாயம்தான். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

என்ஜினைப் பழுது பார்க்கத் திருவண்ணாமலையிலிருந்து ஒரு பாய் வருவார். அவரிடம் கேட்டேன்.

"அந்தத் தண்ணி வேணாம் சிஸ்டர். சூட்ட மட்டும் புடிச்சிக்கலாம்," என்றார்.

ஒரு பீப்பாய்க்குள் செம்புக்குழாயைச் சுருள்சுருளாக வைத்தார். பீப்பாயில் என்ஜின் தண்ணீர், குழாய்க்குள் கிணற்றுத் தண்ணீர், ஒன்றோடொன்று கலக்காது. முதல்முறை இணைப்பு பிய்த்துக்கொண்டு பாயின் கைலி நனைந்தது. "குளிச்சாச்சு, இன்னும் சோப்புதான் பாக்கி," என்று சிரித்துக்கொண்டே மறுபடி பற்றவைத்தார்.

அடுத்த வாரமே ஒரு பெண்ணுக்கு இரட்டைக் குழந்தை, குறைமாதம். வெளியே கொட்டும் மழை, கரண்ட் இல்லை. என்ஜின் ஓடியது. விளக்கு வெளிச்சத்தில் டாக்டரம்மா இரண்டையும் எடுத்துக் கொடுத்தார். இரண்டும் சில்லிட்டிருந்தன. குழாயைத் திறந்தேன். கொஞ்சம் செருமிவிட்டு, ஆவி பறக்கக் கொட்டியது வெந்நீர். ரப்பர் பைகளில் நிரப்பி, துணி சுற்றி இருபுறமும் அணைத்து வைத்தோம். நீலம் பாய்ந்திருந்த பாதங்கள் மெல்லச் சிவந்தன. ஒன்று வீறிட்டது. அதைக் கேட்டு மற்றதும்.

"ஜெயிச்சிட்டோம் சிஸ்டர்!" என்று டாக்டரம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. வாட்ச்மேன் என்ஜினை நிறுத்தப் போனார். வார்டில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்:

"நிறுத்தாதீங்க! நாங்க இன்னும் குளிக்கல!"