அக்கா வைத்த வட்டங்கள்

என் முதுகு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதை நன்றாகப் பார்த்தவள் என் ஓரகத்திதான். என் கணவருடைய அண்ணன் மனைவி. நான் அவளை அக்கா என்று கூப்பிடுவேன். ஆரணியில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் இரண்டு தறிகள். ஒன்றில் அக்கா, இன்னொன்றில் நான். கல்யாணமாகி வந்ததிலிருந்து அப்படித்தான்.

உட்கார்ந்தே நெய்பவர்களுக்கு நாற்பதைத் தாண்டினால் முதுகு பேச ஆரம்பித்துவிடும். முதுகில் கப்பைக் கவிழ்த்து வைக்கிற கப்பிங்கில் வலி விடுகிறது என்று பக்கத்து ஊர் முள்ளிப்பட்டில் யாரோ சொல்ல, அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பஜாரில் ஒரு கடைக்கு மேல் மாடியறை. பெண்களுக்கு மட்டும் வைக்கிற பாய் வீட்டு அம்மா ஒருவர் இருந்தார். நான் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூலையில் நின்றேன்.

"ஜாக்கெட்ட கழட்டும்மா. நான் இன்னா உன்ன பொண்ணு பாக்கவா வந்துகீறேன்?" என்றார் அந்த அம்மா.

அக்கா சிரித்த சிரிப்பில் கட்டிலே ஆடியது. "அவ கூச்சக்காரிங்க. புள்ள பெத்தப்பவே டாக்டர்கிட்ட சாரி சொன்னவ."

கடைசிவரை நான் கழற்றவில்லை. அக்கா வைத்துக்கொண்டாள். எண்ணெய் தடவுவது, கப்பைக் கவிழ்ப்பது, பம்பு பிடித்துக் காற்றை இழுப்பது, எவ்வளவு நேரம் விடுவது எல்லாவற்றையும் குப்புறப் படுத்தபடியே கேட்டுத் தெரிந்துகொண்டாள். "வெறும் கப்பு வீட்ல வெச்சுக்கலாம். கீறி ரத்தம் எடுக்கற வேலைய மட்டும் நீங்களா செய்யாதீங்க" என்று சொல்லித்தான் அந்த அம்மா அனுப்பினார். வரும் வழியில் அக்கா ஒரு கப்பு செட் வாங்கினாள்; அது எனக்காகத்தான் என்பது வீட்டுக்கு வந்த பிறகு புரிந்தது.

தறியிலிருந்து சேலையை அறுத்து இறக்கிய மறுநாள்தான் எங்களுக்குக் கப்பு நாள். எண்ணெய்க் கையோடு தறியில் பாவு நூலைத் தொட முடியாதே. காலையில் வெறும் வயிறு. கதவைச் சாத்திக்கொண்டு அவள் எனக்கு, பிறகு நான் அவளுக்கு. முடிந்ததும் வெந்நீர், கேழ்வரகுக் கஞ்சி. அன்று காபி கிடையாது, எண்ணெய்ப் பலகாரம் கிடையாது. சாயங்காலம் கோட்டை மைதானத்தைச் சுற்றி நடை. எங்கள் வாழ்க்கையில் உடம்பைப் பற்றி நாங்கள் யோசித்தது அந்த ஒரு நாளில்தான்.

கப்பை எடுத்ததும் முதுகில் வட்டமாகத் தடம் நிற்கும். நாங்கள் அதைச் சேலை நிறத்தில்தான் சொல்வோம்.

"தோள்ல அரக்கு வந்துகீதுடி. இடுப்புல வெங்காயக் கலர்தான்."

"பார்டர் எங்கக்கா?"

"பார்டருக்குத் தனி கூலி."

அரக்கு நாலைந்து நாளில் வெங்காய நிறத்துக்கு இறங்கும். பிறகு சந்தனம். பிறகு தோலோடு போய்விடும். அடுத்த சேலை அறுக்கும்போது முதுகு சுத்தமாக இருக்கும்.

போன வருஷம் ஒரு முறை அக்காவின் முதுகில் எண்ணெய் தடவப் போனேன். முந்தைய சேலைக்கு வைத்த அரக்கு அப்படியே இருந்தது. நான் கப்பே வைக்காத விலாவிலும் அரக்கு இருந்தது.

"எங்கனா இடிச்சிகினியாக்கா?"

"இல்லியே. ஏன், ஜரிகை ஓடுதா?"

நான் கப்பைப் பெட்டியில் திரும்ப வைத்துவிட்டேன். அவள் திட்டினாள். அன்றைக்கே டாக்டரிடம் போகலாம் என்று நான் நின்ற நிலையைப் பார்த்து, "கூச்சக்காரிக்கு இன்னா இவ்ளோ பிடிவாதம்" என்று சொல்லிக்கொண்டே சேலை மாற்றினாள். ஆரணியில் ரத்தம் பார்த்தவர்கள் வேலூருக்கு அனுப்பினார்கள். வேலூரில் ரத்தப் புற்று என்றார்கள்.

"கப்பு வெச்சதால வந்துச்சா சார்?" நான்தான் கேட்டேன். முன்பின் தெரியாத ஆணிடம் நானாக வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"அதனால வரலம்மா. ஆனா இனிமே வைக்கக்கூடாது. ரத்தம் உறையாது."

வேலூருக்கும் வீட்டுக்குமாக மாதங்கள் போயின. அக்காவின் தறியில் பாதி நெய்த சேலையை வேறு ஆள் வந்து முடித்துக் கொடுத்தார். ஒரு நாள் காலை அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, "முதுகு பேஜாரா கீதுடி. ஒரே ஒரு தபா வையேன்" என்றாள்.

கப்புகளை வெந்நீரில் போட்டுத் துடைத்தேன். பம்பைத் தொடவில்லை. வெறும் கப்புகளை அவள் முதுகில் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துவைத்து, நழுவாமல் உள்ளங்கையால் பிடித்துக்கொண்டேன். எலும்பு தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, "இன்னா கலர்?" என்றாள்.

"அரக்கு."

"பொய்க்காரி." சுவரைப் பார்த்தபடியே சிரித்தாள். "எடுக்காத. சூடு நல்லா கீது."

சூடு ஆறியதும் அவள் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். "இப்ப நீ திரும்பு" என்றாள். வேண்டாம் என்றேன். "யாருகிட்டயும் போய் முதுகக் காட்ட மாட்ட நீ. திரும்பு."

திரும்பி உட்கார்ந்தேன். பம்பை இழுக்க அவள் கையில் வலு இல்லை. இரண்டு கையாலும் பிடித்து, மூச்சு வாங்கி வாங்கி இழுத்தாள். நாலு கப்பு வைத்தாள். எப்போதும் நேர்க்கோட்டில் வைப்பவள். அன்று கோணலாகத்தான் வைத்திருப்பாள் என்று தோலுக்குத் தெரிந்தது.

மறுநாள் மாலை வேலூருக்குக் கூட்டிப்போனார்கள். அதற்கடுத்த நாளே திரும்பி வந்தது ஆம்புலன்ஸில்.

துக்கத்துக்கு வந்தவர்கள் அழுதார்கள். எனக்குச் சத்தமாக அழ வராது. கொல்லையில் குளித்துவிட்டு வந்து, என் மகளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். அவளுக்கும் நான் முதுகைக் காட்டியதில்லை.

"இருக்குதா பாரு."

"இருக்கும்மா. நாலு. கோணலா கீது."

"இன்னா கலர்?"

அவள் தறியில் உட்கார்ந்தவள் இல்லை. ஆனாலும் இந்த வீட்டில் வளர்ந்தவள். "அரக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் குளித்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். சோப்பு போட்டுத் தேய்ப்பதை விட்டுவிட்டேன். வெங்காயக் கலர் என்றாள். சந்தனம் என்றாள். "கீழ இருக்கற ஒண்ணு மட்டும் லேசா தெரியுது" என்றாள்.

இன்று காலை ஜன்னலைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தாள். விரலால் தடவியும் பார்த்தாள்.

"இன்னா கலர்?" என்றேன்.

"உன் கலர்தாம்மா" என்றாள்.