அக்கா சொல்ல நான் எழுதியது

காசிமேட்டுப் பக்கம் ஒரு மீன் கடையில் வேலை பார்த்தேன். கடை என்று பெயர்தான், பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கி, ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை வண்டியில் அனுப்பிவைப்போம். தினமும் காலை ஆறு மணிக்கு வாடிக்கையாளர்களுக்கு ஒரு செய்தி போகும். அதை எழுதுவது நான். பி.காம். முதல் வகுப்பு என்பதை யாராவது கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன்.

‘அலையின் புத்துணர்ச்சி உங்கள் தட்டில்!’, ‘இன்னும் பத்தே கிலோ, முந்துங்கள்!’ என்றெல்லாம் எழுதுவேன். ஐஸ் பெட்டி நிரம்பி வழிந்தாலும் பத்தே கிலோதான். மீன் பக்கத்தில் எலுமிச்சம்பழத்தை வெட்டி வைத்துப் படம் எடுப்பேன். முதலாளி “சூப்பர்மா” என்பார். அந்த ஒரு சொல்லில் எனக்கு அன்றைய பொழுது ஓடிவிடும்.

கடையில் மீன் நறுக்க ஓர் அக்கா இருந்தார். இருபது வருடம் தெருத்தெருவாகக் கூடையில் மீன் விற்றவர், முட்டிவலி தாங்காமல் எங்களிடம் வந்து சேர்ந்தவர். எனக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் வேலைக்குப் போகாதபோது, முதலாளி அந்த அக்காவைச் சொல்லச் சொல்லி அப்படியே தட்டி அனுப்பியிருக்கிறார். நான் போர்வைக்குள் கிடந்தபடி என் போனில் படித்தேன்.

‘வஞ்சிரம் நேத்துது, ஐஸ்ல கீது. கொழம்புக்கு ஓகே, வறுக்க வாணாம். கானாங்கத்த இப்போதான் வந்துச்சு. செவுள பாத்துக்கோங்க.’

கீழே ஒரு படம். கட்டைவிரலால் மீனின் செவுளைத் தூக்கி, புது மீன்தான் என்பதற்கு உள்ளே இருக்கும் சிவப்பைக் காட்டியிருந்தார். கூடைக்காரர்கள் வீட்டு வாசலில் செய்வதுதான். எலுமிச்சம்பழம் கிடையாது, விரல் நகத்தில் அழுக்கு வேறு. நம் மீனை நாமே பழசு என்றால் கடை விளங்குமா என்று சிரித்தேன். பத்து மணிக்குள் கானாங்கத்தை தீர்ந்துவிட்டதாம். சொன்னபடி குழம்புக்கென்று கேட்டு வாங்கி வஞ்சிரத்தையும் காலி செய்துவிட்டார்களாம்.

நான் திரும்பிப் போனதும் முதலாளி, “அந்தம்மா சொல்லட்டும், நீ டைப் பண்ணும்மா. உன் கை ஃபாஸ்ட்டு இல்ல?” என்றார்.

ஃபாஸ்ட்டாம். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு தினமும் அக்கா செதிலைச் சுரண்டிக்கொண்டே சொல்வார், ‘அக்கா சொல்றாங்க’ என்று தொடங்கி நான் தட்டுவேன். ‘அக்கா, இன்னிக்கு எது எடுக்கலாம்?’, ‘அக்கா சொன்னா சரி’ என்று பதில்கள் வந்து குவியும். அவற்றைப் படித்துக் காட்டுவதும் என் வேலை. பத்து மாதம் நான் எழுதியதற்கு ஒருவர்கூட ஒரு கட்டைவிரல் பொம்மை போட்டதில்லை. அக்கா நல்லவர் என்பது எனக்குத் தெரியும். அதனாலேயே இன்னும் எரிந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்று வந்தது. ராயபுரத்து வேதக்கார வீடுகளில் அன்றைக்குக் கறி தொடமாட்டார்கள், மீன்தான். பெட்டியிலோ மூன்று நாள் வஞ்சிரம் கிடந்தது. “வஞ்சிரம் வாணாம்னு போடு. நெத்திலி சூப்பரா கீது, அத்த வாங்கச் சொல்லு” என்றார் அக்கா. முதலாளி முகம் வாடியதைப் பார்த்தேன். என்னாலும் விற்க முடியும் என்று காட்டிவிட வேண்டும் போலிருந்தது. ‘வஞ்சிரம் இப்போதான் ஏலத்துல எடுத்தது. கண்ண மூடினு வாங்குங்க’ என்று அக்கா பேசுவது போலவே தட்டி, திங்கட்கிழமை எடுத்த செவுள் படத்தையும் கீழே சேர்த்து அனுப்பினேன்.

ஒன்பது மணிக்கு வஞ்சிரம் மொத்தமும் போய்விட்டது. முதலாளி என்னிடம் வந்து, “பாத்தியா, அந்தம்மா வாய்ல வந்தா வஞ்சிரம்கூடப் பறக்குது!” என்றார். என் பொய்க்குக் கிடைத்த பாராட்டும் அக்காவுக்கே போனது.

மதியம் ராயபுரத்திலிருந்து ஒரு வயதான அம்மா குழம்புத் தூக்கோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். அக்கா கூடை சுமந்த நாளிலிருந்து அவரிடம் வாங்குபவர்.

“வூடே நாறுது. நானே செவுள தூக்கிப் பாத்துதான் வாங்குவேன். நீ சொன்னியேன்னு பாக்காம வுட்டேன்.”

“வாணாம்னுதானே சொன்னேன்?” என்றார் அக்கா. அந்த அம்மா போனை நீட்டினார். கண்ணாடி இல்லாமல் அக்காவால் படிக்க முடியாது. போனை என் கையில் கொடுத்து, “படி மே” என்றார்.

படித்தேன். அக்கா மெதுவாகச் சொன்னார்: “கண்ண மூடினு வாங்குன்னு நான் யாருக்கும் சொன்னதில்லியே.”

பிறகு ஒரு பையில் நெத்திலியை அள்ளி அந்த அம்மாவிடம் நீட்டினார். “வாணாம். இனிமே நேர்ல வந்து நானே பாத்துக்கிறேன்” என்று அந்த அம்மா போய்விட்டார். நீட்டிய பையை அக்கா கொஞ்ச நேரம் கீழே வைக்கவில்லை.

“இருவது வருசமா அந்த வூட்டு வாசல்ல கூடைய எறக்கினவ நான். உனக்கு இன்னா மே பண்ணேன்?”

ஒன்றும் பண்ணவில்லை. உங்களை எல்லோருக்கும் பிடிக்கிறது, என்னை யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். இதை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

மறுநாள் காலை அக்கா எதுவும் சொல்லவில்லை, குனிந்த தலை நிமிராமல் மீன் நறுக்கிக்கொண்டிருந்தார். நானே எழுதினேன். ‘நேற்று அனுப்பிய வஞ்சிரம் மூன்று நாள் பழையது. படம் திங்கட்கிழமை எடுத்தது. அக்கா வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னார். மாற்றி எழுதியது நான்.’ முதலாளியிடம் காட்டினால் தடுத்துவிடுவார் என்று, கேட்காமலே அனுப்பிவிட்டேன்.

பதில்கள் வரத் தொடங்கின. ‘அதானே பாத்தேன், அக்கா அப்படிச் சொல்ல மாட்டாங்களே.’ ‘நேத்து போன்ல அக்கா கிட்ட கோவமா பேசிட்டேன், சாரி சொல்லுங்க.’ ராயபுரத்து அம்மா, ‘அந்த நெத்திலி இருக்குதா?’ என்று கேட்டிருந்தார். ஒவ்வொன்றாக அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். நான் நானாக எழுதியதில் எல்லோரும் நம்பியது அந்த ஒன்றைத்தான். அதிலும் நல்ல பெயர் அக்காவுக்கே.