பளிச்சக்கா மூடி வைத்த சுவர்

அந்த அருங்காட்சியகத்தின் பொறுப்பாளரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பளிச்சக்காதான். விருந்தாளி வருகிறார் என்று காதில் விழுந்தால் போதும், தலையே போனாலும் வீடு பளிச்சென்று இருக்க வேண்டும்; கண்ணில் பட்ட சாமானெல்லாம் பரணுக்குப் போய்விடும். "என்னையும் தூக்கிப் பரண்ல போட்டுடாதே தாயே" என்பார் வீட்டுக்காரர்.

அருங்காட்சியகத்தின் கூரையோ சல்லடை. மழை பிடித்தால் பளிச்சக்காவும் காவலாளி அண்ணனும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். உள்ளே இருப்பது ஊர் மனிதர்களின் பழைய புகைப்படங்கள்; நனைந்தால் போச்சு! பழுதுபார்க்க அரசாங்கம் கையை விரித்துவிட்டது. கடைசியில் ஒரு வெளிநாட்டு அறக்கட்டளை மனசு வைத்தது. இடத்தை நேரில் பார்த்துவிட்டுத்தான் பணம் என்றார்கள்.

பார்க்க வருகிறார்களாம்! பளிச்சக்கா சும்மா இருப்பாரா? சொந்தக் காசில் பெயிண்ட் வாங்கி ஈரக்கறை மேலெல்லாம் அடித்துத் தள்ளினார். விரிசலுக்கு முன்னால் பூப்போட்ட திரை. ஒழுகுகிற இடத்துக்குக் கீழே பூந்தொட்டி. அடடா, என்ன சாமர்த்தியம்!

வந்த அதிகாரியம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ரொம்ப அழகா வச்சிருக்கீங்க. இதைவிட மோசமான இடமெல்லாம் காத்துக் கிடக்கு. பணத்தை அவங்களுக்கே குடுத்துடறோம்" என்று பையைத் தோளில் மாட்டினார்.

பளிச்சக்காவின் முன்னால் இப்போது ஒரே கேள்வி: மானமா, கூரையா? "மேடம், நில்லுங்க!" என்று ஓடிப்போய்த் திரையைப் பிடித்து இழுத்தார். அது கம்பியோடு அவர் தலையிலேயே விழுந்தது. விழட்டும்! சாவியால் சுவரைச் சுரண்டினார். புதுப் பெயிண்ட் பொலபொலவென்று உதிர்ந்து, உள்ளே இருந்த ஈரம் பல்லை இளித்தது.

"நாலு பேர் வர்ற இடமாச்சேன்னு நான்தான் மூடி வச்சேன். வெட்கமாத்தான் இருக்கு மேடம். ஆனா நல்லாப் பாத்துக்கோங்க!"

தலையில் திரையோடு நின்றவரைப் பார்த்து அதிகாரியம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எங்க அம்மாவும் அச்சு அசல் இப்படித்தான்" என்று பையைக் கீழே வைத்தார். அப்புறம் கூரைக்கடியில் இருந்த பரணில் ஏறி, ஓட்டைகளையும் பார்த்துவிட்டே போனார்.

பணம் வந்தது. கூரை மாறியது. அடுத்த மழைக்கு வீட்டுக்காரர் குடையோடு வந்து வாசலில் நின்றார்.

"கிளம்பலாமா?"

"குடையை மடக்கிட்டு உள்ள வந்து உட்காருங்க."

படங்களுக்கு நடுவே இருவரும் உட்கார்ந்தார்கள். மேலே மழை வெளுத்து வாங்கியது. கீழே ஒரு பொட்டு ஈரமில்லை. அந்தக் கூடத்தில் மழை என்றாலே ஓட்டம் என்றிருந்த பளிச்சக்கா, சந்தோஷமாக அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

"ஏங்க, மழைச் சத்தம் இவ்வளவு நல்லாவா இருக்கும்?"