பின்பலகையில் வெள்ளைத் திட்டு

திருப்புளி கைப்பிடிவரை உள்ளே போனது. காளிதாஸ் அதை வெளியே இழுத்தபோது, நுனியில் ஊறிய தேயிலைத்தூள் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. மோந்து பார்த்தான். ஒருகாலத்தில் மரமாக இருந்தது.

அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான். படகின் பின்பலகை அது. வெளியே பைபர் தோல், உள்ளே ஒரு தோல், நடுவில் பிளைவுட். அதைப் பிடித்துக்கொண்டுதான் என்ஜின் முழுக் கனத்தோடும் தொங்குகிறது. மேலே பெயிண்ட் பளபளவென்று இருந்தது. போன வாரம்கூட இதை நம்பி ஒரு குடும்பத்தையே கடலுக்குக் கூட்டிப்போய் வந்திருக்கிறான்.

காளிதாஸுக்கு நீந்தத் தெரியாது. இதை யாரிடமும் சொன்னதில்லை. பெம்பான் ஊரை ஒட்டிய ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். சின்ன வயதில் தோட்டத்துக் குட்டையில் விழுந்தான். களைக்கு மருந்தடிக்கத் தண்ணீர் எடுக்க வந்த மணியம் என்ற தொழிலாளி அவனைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கிப் போட்டார். அதிலிருந்து முழங்காலுக்குமேல் தண்ணீரில் இறங்கமாட்டான். வளர்ந்து பைபர் பட்டறையில் தண்ணீர்த் தொட்டி செய்தான். பட்டறையை மூடும்போது பாக்கிச் சம்பளத்துக்குப் பதிலாக ஒரு பழைய படகைத் தள்ளிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் அதைக் கடலோரக் கோலா சுங்கை பாருவுக்குக் கொண்டுவந்து, இறந்தவர்களின் சாம்பலைக் கரைக்க வருகிறவர்களை ஏற்றத் தொடங்கினான்.

ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டேதான் போவான். திரும்பி வருவதுதான் அவனுக்குப் பிடித்தது. கரைத்த பிறகு கரை சேரும்வரை யாரும் பின்னால் பார்க்கக்கூடாது. ஸ்டீயரிங் முன்னால் இருந்ததால் அவனும் பார்த்ததில்லை. எதிரே நிலம் பெரிதாகிக்கொண்டே வரும்.

ஜைனுதீன் பாயின் ஹார்டுவேர் கடையில் பிளைவுட்டும் அதை ஒட்ட ரெசின் பசையும் வாங்கினான்.

"உடனே வச்சு ஒட்டிறாத காளி. பலகைய நல்லா காய விடு" என்றார் பாய். "ஈரத்தோட ஒட்டுனா உன் சாம்பல நீயே கரைச்சுக்க வேண்டியதுதான்."

"நல்ல வார்த்த சொல்லுங்க பாய்."

"இது நல்ல வார்த்ததான்லா."

வெட்டும் கை கிரைண்டரால் உள்தோலை அறுத்தெடுத்தான். அழுகியதை உளியால் சுரண்டினான். பாதி கையாலேயே வந்தது. வெளித்தோல் மட்டும் முட்டை ஓடு மாதிரி நின்றது. புதுப் பலகையை அளவுக்கு வெட்டிக் கொட்டகையில் சாய்த்து வைத்தான். அன்றிரவு காற்றோடு மழை. காலையில் பார்த்தால் பலகையின் கீழ்முனை கறுத்திருந்தது. அதை வெயிலில் தூக்கி வைக்கும்போது போன் வந்தது. மணியத்தின் மகள் பவானேஸ்வரி.

"அண்ணே, அப்பா விடியக்காலையில போயிட்டாரு. சாயங்காலம் எரிக்கிறோம். நாளைக்குக் காலையில சாம்பல். நீங்கதான்னு எப்பயோ சொல்லி வச்சிட்டாருண்ணே. உங்க போட்டு ரெடியா இருக்குல்ல?"

படகுக்குப் பின்பக்கமே இல்லை. "கொண்டு வாங்க தங்கச்சி" என்றது அவன் வாய்.

மின்விசிறியை வைத்துப் பலகையைக் காயவைத்தான். கன்னத்தை வைத்துப் பார்த்தான். காய்ந்த மாதிரிதான் இருந்தது. ரெசினில் கடினமாக்கும் மருந்தைக் கொஞ்சம் கூடுதலாகவே கலந்து, பலகையை ஒட்டி, கிளாம்பு போட்டு இறுக்கி, மேலே கண்ணாடி நார்ப்பாய் பரப்பினான். மணியத்தின் கடைசி முகத்தைப் பார்க்கக்கூடப் போகவில்லை.

மறுநாள் காலை என்ஜினை மாட்டிய பிறகுதான் அது கண்ணில் பட்டது. கீழ் போல்ட்டுக்குப் பக்கத்தில், ரெசினுக்கு அடியில், பால் கலந்த மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு. சுத்தியலின் காம்பால் தட்டினான். மற்ற இடமெல்லாம் டொக் டொக். அங்கே மட்டும் பொத். உள்ளே ஈரம், ஒட்டவில்லை.

கார் வந்து நின்றது. பவானேஸ்வரி சிவப்புத் துணி கட்டிய கலசத்தோடு இறங்கினாள். பின்னால் அவள் கணவன் வசந்தன்.

காளிதாஸ் இருவருக்கும் மிதவைச் சட்டை கொடுத்தான். தானும் ஒன்றைப் போட்டு இழுத்துக் கட்டினான்.

படகை ஊர்ந்துபோகவிட்டான்.

"என்னண்ணே, சைக்கிள்ல போனாகூட இதவிட சீக்கிரம் போயிரலாம்லா" என்றான் வசந்தன்.

"உங்க மாமனார் என்ன பஸ்ஸா புடிக்கணும், சும்மா இருங்க" என்றாள் பவானேஸ்வரி. பிறகு அழுதாள்.

கலசம் இறங்கியது. பூக்கள் மட்டும் மிதந்தன. வழக்கமாகச் சொல்வதைக் காளிதாஸ் சொன்னான். "யாரும் திரும்பிப் பாக்காதீங்க." படகைக் கரைப் பக்கம் திருப்பினான்.

முதல் அலையிலேயே பின்பலகை கிறீச்சென்றது. இரண்டாவதில் இன்னும் நீளமாக. நிலம் இன்னும் ஒரு கோடுதான். பார்க்கக்கூடாது, பார்க்கக்கூடாது. பார்த்தான்.

ஒவ்வொரு அலைக்கும் என்ஜின் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது. வெள்ளைத் திட்டின் ஓரத்தில் மயிரளவு வெடிப்பு. அதிலிருந்து தண்ணீர் கசிந்து இறங்கியது.

"அண்ணே, நீங்க திரும்பிட்டீங்க!" பவானேஸ்வரியின் குரல் உடைந்தது. "அப்பா பின்னாலேயே வந்துருவாருண்ணே!"

வரட்டும் என்று நினைத்தான். வந்து முடியைப் பிடிக்கட்டும்.

"பலகை சரியில்ல தங்கச்சி. ஈரத்தோட ஒட்டிட்டேன். தெரிஞ்சேதான் ஏத்துனேன்."

வசந்தன் எழப்போனான். படகு சாய்ந்தது.

"எந்திரிக்காதீங்க! எனக்கு நீந்தத் தெரியாது!"

அதை அவன் சொல்லிக் கேட்ட முதல் ஆட்கள் அவர்கள்தான். வசந்தன் அப்படியே குந்தினான். "கயிறு எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டான். என்ஜினின் கழுத்தில் கயிற்றைச் சுற்றி, நடு இருக்கையில் ஒரு சுற்றுப் போட்டு, காலை உதைத்து இழுத்துப் பிடித்துக்கொண்டான். அவன் பின்னால் பார்த்துத்தான் ஆகவேண்டும். பவானேஸ்வரி கயிற்றின் முனையைத் தோளில் போட்டு, கரையைப் பார்த்தபடி இழுத்துப் பிடித்தாள். அவள் கண்கள் மூடியிருந்தன. நடக்கிற வேகத்தில் படகு வந்தது. காளிதாஸ் ஒவ்வொரு அலைக்கும் திரும்பிப் பார்த்தான்.

அடிப்பக்கம் மணலில் உரசிய பிறகும் அவன் கால் இறங்கவில்லை. வசந்தன் கக்கத்தில் கைகொடுத்து இறக்கினான். "நல்லா வருவீங்கண்ணே" என்று கசப்பாகச் சொல்லிவிட்டு, பவானேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு காருக்குப் போனான்.

மறுநாள் காலை மழை இல்லை. காளிதாஸ் என்ஜினைக் கழற்றி, பின்பலகையை மறுபடி அறுத்தான். திட்டு இருந்த இடத்தில் பலகை ஈரமாக இருந்தது, ரெசின் ஒட்டாமல் உரிந்து வந்தது. ஜைனுதீன் பாய் கடைக்குப் போய் வேறு பலகை வாங்கினான். போன பலகை காய்ந்திருந்ததா என்று அவர் கேட்டார், இவன் இல்லையென்று தலையாட்டினான். பலகையை வீட்டுக்குள், கட்டிலுக்குப் பக்கத்தில் காய நிறுத்தி வைத்தான். மத்தியானம் புலாவ் செபாங் ஊரிலிருந்து ஒருவர் போன் செய்தார். நாளைக்குச் சாம்பல் கரைக்க வேண்டும், படகு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றான். எப்போது தயாராகும் என்று கேட்டார். பலகை காயணும், தெரியாது என்றான். பிறகு சாப்பிட்டான்.